உங்க ஏர் ரைஃபிளுக்குப் பொருந்தும் பெல்லட் எது? 10 மீட்டர் சுடுதலுக்கான தேர்வு

(காட்சி: மேஜை மேல இரண்டு டார்கெட் அட்டை. ஒண்ணுல ஒரே ஓட்டை மாதிரி பத்து சுடுதல். இன்னொண்ணுல பத்தும் சிதறிக் கிடக்கு.)

ரெண்டு அட்டையும் ஒரே ரைஃபிள், ஒரே ஆள். மாறினது பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, அதோட டப்பா மட்டும்தான். சேலத்துல புதுசா ஏர் ரைஃபிள் எடுத்தவங்க முதல்ல டயாப்டரை (குறி பார்க்கிற பின்பக்கத் துளை) மாத்தணும், ஸ்டாக்கை (தோள்ல வெச்சுப் பிடிக்கிற கட்டை) மாத்தணும்னுதான் யோசிப்பாங்க. அதுக்கு முன்னாடி பெல்லட்டைப் பாருங்க.

10 மீட்டருக்குத் தட்டைத் தலை பெல்லட்தான், வேற யோசனையே வேண்டாம். உருண்டைத் தலை அட்டையைக் கிழிக்கும்; தட்டைத் தலை, பஞ்ச் வெச்சு அடிச்ச மாதிரி வட்டமா வெட்டும். ரைஃபிள் டார்கெட்ல பத்து அப்படிங்கிறது அரை மில்லிமீட்டர் புள்ளி. ஓட்டையோட விளிம்பு அதைத் தொட்டுச்சா இல்லையாங்கிறதுலதான் மார்க். விளிம்பு பிசிறா இருந்தா எதை வெச்சு அளக்கிறது?

எடை, ரைஃபிளுக்குப் பெரும்பாலும் 0.53 கிராம். பிஸ்டலுக்கு வர்றது 0.45 கிராம் பக்கம்.

(காட்சி: ஒரு பெல்லட், மிக அருகில். இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் விரிஞ்சிருக்கு.)

இனிமேதான் முக்கியமான விஷயம். தலையோட விட்டம். நல்ல டப்பாவோட லேபிள்ல 4.49, 4.50, 4.51 இப்படி ஒரு எண் இருக்கும். வித்தியாசம் 0.01 மில்லிமீட்டர்தான், தலைமுடியை விடப் பல மடங்கு மெலிசு. ஆனா பேரலுக்குள்ள இருக்கிற புரியை, அதாவது சுருள் பள்ளத்தை, தலைதான் பிடிக்குது. தலை சின்னதா இருந்தா பெல்லட் நேரா உட்காராம லேசா சாஞ்சு போகும். பெருசா இருந்தா இறுகி, சுடுதலுக்குச் சுடுதல் வேகம் மாறும். பின்பக்க விளிம்பை ஸ்கர்ட்னு சொல்லுவாங்க. காத்து அதை விரிச்சு பேரலை அடைக்குது. அந்த விளிம்பு நசுங்கியிருந்தா, ஒரு பக்கமா காத்து ஒழுகி பெல்லட்டைத் தள்ளிவிட்டுடும். பேரலை மடக்கி லோடு பண்ற ரைஃபிள்ல இது அடிக்கடி நடக்கும்: பெல்லட்டை முழுசா உள்ளே தள்ளாம பேரலை மூடினா, ஸ்கர்ட் அங்கேயே நசுங்கிடும். கட்டைவிரலால அழுத்தி, விளிம்பு உள்ளே போயிருக்கான்னு தடவிப் பார்த்துட்டு மூடுங்க.

உங்க பேரலுக்கு எந்த எண்ணுன்னு விலையைப் பார்த்தோ, பக்கத்து லேன்ல சுடுறவரைக் கேட்டோ தெரியாது. சோதிச்சாதான் தெரியும். ஒரு டப்பாவுல 500 இருக்கும், மூணு எண்ணுக்கும் தனித்தனியா வாங்கினா செலவு அதிகம். கிளப்புல மூணு பேர் சேர்ந்து ஆளுக்கொரு எண் வாங்கி, நூறு நூறாப் பிரிச்சுக்கோங்க.

(காட்சி: பெஞ்ச் மேல மணல் பை, ரைஃபிள், வெர்னியர்.)

ஒவ்வொரு எண்ணுலயும் முதல் இருபதைக் கணக்குல சேர்க்காதீங்க. பழைய பெல்லட்டோட ஈயப்படிவு பேரலுக்குள்ள இருக்கும்; புதுசு படியறதுக்கு அவ்வளவு சுடணும். அப்புறம் பத்துப் பத்தா மூணு அட்டை. மறுநாள் அதையே வரிசையைத் திருப்பிச் சுடுங்க. இல்லைன்னா கடைசியாச் சுட்டது கை சோர்வுல கெட்டதா, பெல்லட்டால கெட்டதான்னு பிரிக்க முடியாது. அளக்கும்போது ஓட்டைகளோட வெளி விளிம்புலேர்ந்து எதிர் வெளி விளிம்பு வரை அளந்து 4.5 கழிங்க. 6.3 வந்தா உங்க குரூப், அதாவது சுடுதல்கள் சிதறின அகலம், 1.8 மில்லிமீட்டர். மூணு அட்டையோட சராசரியைப் பாருங்க; தற்செயலா அமைஞ்ச ஒரே ஒரு நல்ல அட்டையை நம்பவே நம்பாதீங்க.

ஒரு எச்சரிக்கை. முன்கூட்டியே காத்தை அடைச்சு வெச்சிருக்கிற அழுத்தக் காத்து ரைஃபிளைக் கவ்வியில் பூட்டிச் சோதிக்கலாம். ஸ்பிரிங்கால பிஸ்டனைத் தள்ளிக் காத்தை அழுத்துற ஸ்பிரிங் ரைஃபிளைப் பூட்டக் கூடாது. பிஸ்டன் அடிக்கிற உதைப்பு வழக்கமா போற வழியில போகாது, குரூப் பொய் சொல்லும். ஸ்டாக்கும் விரியலாம். மணல் பை மேல இடதுகையை வெச்சு, அந்த உள்ளங்கையில தளர்வா ஏந்திச் சுடுங்க.

எடை பார்த்துப் பிரிக்கணும்னு ஆசைப்படுறவங்க, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைத் தராசு போதும்னு நினைக்கலாம். அது 0.01 கிராம் வரை காட்டுற தராசுன்னா போதாது, 0.53 கிராம் பெல்லட்ல அதுவே ஏறக்குறைய ரெண்டு சதவீதம். 0.001 கிராம் காட்டணும். அதை விட, கண்ணாடித் துண்டு மேல உருட்டிப் பாருங்க: ஸ்கர்ட் நசுங்கினது துள்ளித் துள்ளி ஓடும். அதைத் தனியே போட்டுடுங்க.

(காட்சி: ஏற்காடு மலைப்பாதை, மூடுபனி.)

இருபது ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுல சுடப் போறவங்களுக்கு: அங்கே உயரம் 1500 மீட்டர் பக்கம், காத்து மெலிசு. 10 மீட்டர்ல அழுத்தக் காத்து ரைஃபிளுக்கு இதனால பெரிய மாற்றம் தெரியாது. ஸ்பிரிங் ரைஃபிள் சுத்தியிருக்கிற காத்தைத்தான் அழுத்துது, அதனால பெல்லட் விழற இடம் நகரலாம். பெல்லட்டை மாத்தாம, சைட்டை மட்டும் சரிபண்ணுங்க. பனியில டயாப்டர் வியர்க்குதான்னும் பாருங்க.

பொருந்தின பெல்லட் கிடைச்சதும் டப்பா அடியில இருக்கிற லாட் எண்ணை (ஒரே தடவையில தயாரான தொகுதியோட எண்) கவனிங்க. அதே பிராண்ட், அதே 4.50, ஆனா வேற லாட்னா மறுபடியும் ஒரு சோதனை தேவை. அந்த லேபிளை உரிச்சு ரைஃபிள் பெட்டி மூடியில ஒட்டிட்டு, அதே லாட்ல இன்னும் நாலு டப்பா கிடைக்குமான்னு கடையில உடனே கேளுங்க. பெல்லட் ஈயம், வாயில வெச்சுக்காதீங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்க.