கிளைவ் அன்றைக்குத் தப்பாமல் இருந்திருந்தால்?

நடுவர் அவர்களே, எதிரணியில் என்னை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மூன்று நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளிடம் "அது நடக்காமல் இருந்திருந்தால்?" என்று கேட்டு வரலாறு நடத்துவது அறிவை வளர்க்குமா, குழப்புமா என்பது தலைப்பு. குழப்பும் என்று முழங்கிய எதிரணித் தலைவர், நடுவில் தன் கதையையும் கொஞ்சம் சொன்னார். "நான் மட்டும் அன்றைக்குக் குரூப் ஒன் எழுதியிருந்தால் இந்நேரம் கலெக்டர்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, அது எந்த வகைக் கேள்வி? உங்களுக்கு ஒரு நியாயம், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நியாயமா?

நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழாத நாள் உண்டா? "வேளச்சேரியில் சல்லிசாக ஒரு கிரவுண்டு வந்தது, உங்க அப்பாதான் முள்ளுக்காடு என்று வேண்டாம்னுட்டார்." இதைக் கேட்காமல் சென்னையில் வளர்ந்த பிள்ளை இருக்கிறதா? பிள்ளைகள் இந்தக் கேள்வியோடுதான் பள்ளிக்கு வருகிறார்கள். அதை ஒழுங்காகக் கேட்கச் சொல்லித் தருவதா, வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வா என்பதா என்பதுதான் நம் வழக்கு.

நான் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுப்பவள். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தென்னிந்தியாவில் மோதிக்கொண்ட கர்நாடகப் போர்கள் பாடம் வரும்போதெல்லாம் வகுப்பில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஆண்டு, உடன்படிக்கை, ஆண்டு, உடன்படிக்கை. எனக்கே கொட்டாவி வரும். ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு கதை சொன்னேன்.

1746 செப்டம்பர். லா போர்தொனே என்ற பிரெஞ்சுத் தளபதி கப்பல்களோடு வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்துவிட்டார். ஆமாம், நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மூன்றாண்டு பிரெஞ்சுக் கொடி பறந்தது. அகப்பட்ட ஆங்கிலேயர்களில் ஒருவன் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாதாரண எழுத்தர். கணக்கு எழுதி எழுதி வாழ்க்கையை வெறுத்துப்போன 21 வயது இளைஞன். மாறுவேடம் போட்டுக்கொண்டு தப்பி, கடலூர் பக்கத்தில் ஆங்கிலேயர் கையில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே பேனாவை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தான். பெயர் ராபர்ட் கிளைவ். 1751இல் ஆற்காட்டில் வெற்றி, 1757இல் வங்காளத்துப் பிளாசியில் வெற்றி. "சரி, அன்றைக்கு அவன் மாட்டிக்கொண்டிருந்தால்?" என்று கேட்டேன்.

தூங்கியவர்கள் எழுந்துவிட்டார்கள். முதல் பதில் கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. "பிரெஞ்சுக்காரன் ஜெயிச்சிருப்பான் டீச்சர், நாமெல்லாம் இட்லிக்குப் பதில் பன் சாப்பிட்டுக்கிட்டு இருப்போம்!"

எதிரணியினர் சிரிக்கிறார்கள். "பார்த்தீர்களா, இதைத்தான் குழப்பம் என்கிறோம்" என்பது அந்தச் சிரிப்பின் பொருள். அடுத்து நடந்ததையும் கேளுங்கள். முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். அவளுக்குப் பாண்டிச்சேரியில் அத்தை வீடு. "எங்க அத்தை ஊரு 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்கிட்டதானே இருந்துச்சு? அங்க காலையில இட்லிதான்" என்றாள்.

நடுவர் அவர்களே, அது விளையாட்டுப் பேச்சு இல்லை, சான்று. பிரெஞ்சு ஆட்சி வந்திருந்தால் தமிழ்நாடு எப்படி ஆகியிருக்கும் என்று வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சி உண்மையாகவே இருந்த ஒரு தமிழ் ஊரைப் பார்த்தால் போதும். எது மாறியது? தெருப் பெயர்கள், போலீஸ்காரர் தொப்பி, சட்டம், சிலருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. எது மாறவில்லை? வீட்டுப் பேச்சு, கோயில் திருவிழா, இட்லி. இதை அவள் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை. யோசித்துப் பிடித்தாள்.

அடுத்த வாரம் வாதம் சூடு பிடித்தது. கிளைவ் இல்லாவிட்டால் ஆங்கில ஆட்சியே இல்லை என்று ஒரு கட்சி. அவர்களுக்கு நான் கொடுத்தது அதே 1746இல் நடந்த அடையாற்றுப் போர். ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கான் கிட்டத்தட்ட பத்தாயிரம் பேரோடு அடையாற்றங்கரையில் நிற்கிறார். எதிரே சில நூறு பேர், பிரெஞ்சுக்காரர்களும் அவர்கள் பழக்கிய சிப்பாய்களும். வரிசையாக நின்று விடாமல் சுட்டார்கள். பெரிய படை சிதறி ஓடியது. அங்கே கிளைவ் இல்லை. படித்துவிட்டு ஒரு பையன் சொன்னான்: "அப்போ விஷயம் கிளைவ் இல்ல டீச்சர், அந்த டிரில்தான். அவன் இல்லேன்னா இன்னொருத்தன் வந்திருப்பான்." இன்னொருத்தி விடவில்லை. "டிரில்லைக் கண்டுபிடிச்சுக் காட்டினது பிரெஞ்சுக்காரன், அப்புறம் அவன் ஏன் தோத்தான்?" என்றாள். பிறகு கடற்படை, வங்காளத்துப் பணம், பாண்டிச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயை 1754இல் பாரீசுக்குத் திருப்பி அழைத்தது, 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் தோற்றது என்று அவர்களே தோண்டிக்கொண்டு போனார்கள். நான் அதட்டியிருந்தாலும் இவ்வளவு படித்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் போரில் இழக்கவில்லை. 1748 உடன்படிக்கையில், வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த லூயிபர்க் கோட்டையைத் திரும்பப் பெறுவதற்காக விட்டுக்கொடுத்தார்கள். கனடாவில் ஒரு கோட்டைக்கு மாற்றாகச் சென்னை! "நம்ம ஊரைக் கேக்காம எக்ஸ்சேஞ்ச் போட்டாங்களா?" என்று கொதித்தான் அதே கடைசி பெஞ்சு. காலனி ஆட்சி என்றால் என்னவென்று நான் பத்து வருடமாக விளக்கம் எழுதிப் போடுகிறேன். அந்த ஒரு வரியில் அவன் முடித்துவிட்டான்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் படித்தவர். வரலாற்றறிஞர் ஈ.எச்.கார் இந்தக் கேள்விகளைப் பொழுதுபோக்கு விளையாட்டு என்று தள்ளியதை எடுத்துக்காட்டினார். சரிதான், சொன்னார். ஆனால் ராபர்ட் போகல் என்ற பொருளியல் வரலாற்றறிஞர், அமெரிக்காவில் ரயிலே வராமல் கால்வாயும் வண்டியும் மட்டும் இருந்திருந்தால் 1890இல் என்ன ஆகியிருக்கும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார். வேளாண் பொருள்களைச் சுமந்ததில் ரயிலால் வந்த மிச்சம் நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்கும் குறைவு என்று விடை வந்தது. ரயில்தான் அமெரிக்காவை உருவாக்கியது என்ற பேச்சு ஆட்டம் கண்டது. 1993இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர். விளையாட்டுக்கு அந்தப் பரிசு கொடுப்பதாக நான் கேள்விப்படவில்லை.

மூன்றாம் பேச்சாளர் சொன்னதற்கு மட்டும் நான் உண்மையாகவே பயப்படுகிறேன். "ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் ஊர்ப்பட்ட பொய் வரலாறு. நீங்கள் வேறு கற்பனைக்குக் கதவு திறக்கிறீர்கள்" என்றார். நியாயமான பயம். அலெக்சாண்டர் மேற்கே திரும்பி ரோமோடு மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே லிவி என்ற ரோமானிய வரலாற்றாசிரியர் எழுதினார். விடை? ரோம்தான் வென்றிருக்கும். ரோமாபுரிக்காரர் வேறு என்ன சொல்வார்! ஆசையை விடையாக எழுதும் நோய் அவ்வளவு பழையது. வாட்ஸ்அப்பில் வருவதும் அதே சரக்குதான். "அந்த மன்னர் மட்டும் இருந்திருந்தால் நாம் உலகையே ஆண்டிருப்போம்." என் வகுப்பில் இதைச் சொன்னால் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "எப்படி? யார்கிட்ட கப்பல் இருந்துச்சு?" ஒன்றை மட்டும் மாற்று, அந்தக் காலத்து மனிதரால் செய்ய முடிந்ததை மட்டும் மாற்று, அடுத்த அடி வைக்குமுன் சான்று காட்டு என்று அவர்களைப் பழக்கியிருக்கிறேன். டூப்ளேக்கு ஹெலிகாப்டர் கொடுத்தவனை வகுப்பே உட்கார வைத்துவிட்டது. "கேட்காதே" என்று வளர்த்த பிள்ளைக்கு அந்த வாட்ஸ்அப் செய்தியை எதைக் கொண்டு மறுக்கத் தெரியும்?

கடைசியாக ஒன்று. "1876இல் மழை பொய்த்தது, பஞ்சம் வந்தது, மக்கள் மாண்டார்கள். நடந்தது அதுதான், அதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்" என்றார் எதிரணித் தலைவர். தாது வருடப் பஞ்சம். அரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மழை பொய்த்ததால் மாண்டார்கள் என்று எழுதினால் ஒரு மதிப்பெண் கிடைத்துவிடும். நடந்ததை மட்டுமே பார்க்கும் பிள்ளைக்கு அதில் குற்றவாளி வருணபகவான்தான்.

என் பிள்ளைகளுக்கு நான் இரண்டு செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டேன். 1873-74இல் பீகாரிலும் மழை பொய்த்தது. அங்கே நிவாரணத்தை நடத்திய ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி இறக்கினார். பட்டினிச் சாவு மிகமிகக் குறைவு. அதற்கு அவருக்குக் கிடைத்தது, பணத்தை வாரி இறைத்தார் என்ற கண்டனம். 1877இல் அதே டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள். இந்த முறை சிக்கனம். நாள் முழுக்க மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது போதாது என்று வாதாடினார். தானியம் கப்பலேறி வெளிநாடு போவதும் நிற்கவில்லை.

"பீகாரில் செய்ததையே இங்கேயும் செய்திருந்தால்?" என்று கேட்டேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. இட்லிக்காரன் நோட்டில் 1874, 1877 என்று இரண்டு ஆண்டுகளையும் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தான். பாண்டிச்சேரி அத்தை வீட்டுப் பெண்தான் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ டீச்சர், அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, இல்ல?"

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். அந்தப் பிள்ளை கேட்டதை எதிரணியிடம் விட்டுவிட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.