மனிதக் கணக்கில் குரங்கை எண்ண முடியாது
(ஹட்டனில் உயர்தர உயிரியல் மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

லயத்துக் கூரையில் ஓடுகிற, கொல்லையில் போஞ்சியை ஒடித்துப் போடுகிற குரங்கைத் திட்டாதவர் இந்த மண்டபத்தில் இருக்கமாட்டார். அதன் பெயர் மக்காக்கா சினிக்கா. உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம். உலர்வலயத்தில் ஓர் உப இனம், தாழ்நில ஈரவலயத்தில் ஒன்று, நுவரெலியா, ஹக்கலை பக்கம் அடர்ந்த நீண்ட ரோமத்துடன் இன்னொன்று. இன்று நாம் பார்க்கப்போவது அதன் நிர்ப்பீடனப் பரம்பரையலகுகளை, அதாவது நோயெதிர்ப்பைத் தீர்மானிக்கும் மரபணுக்களை, எப்படி வாசிப்பது என்பதை.

எம்.எச்.சி. என்ற பரம்பரையலகுத் தொகுதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறுநீரக மாற்றுச் சிகிச்சையில் பொருத்தம் பார்ப்பதும் இதைத்தான், மனிதரில் எச்.எல்.ஏ. என்போம். கலத்துக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை, பெரும்பாலும் 9 அமினோ அமில நீளத்தில், கலத்தின் வெளியே பிடித்துக் காட்டுவது இத்தொகுதியின் முதலாம் வகுப்பு மூலக்கூறின் வேலை. எந்தத் துண்டைப் பிடிக்கும் என்பது அதன் பள்ளத்தின் வடிவத்தைப் பொறுத்தது. அந்தப் பள்ளத்தை எழுதுவது பரம்பரையலகின் 2ஆம், 3ஆம் எக்சோன்கள், அதாவது புரதத்துக்கான குறிப்பைச் சுமக்கும் துண்டுகள். ஆய்வுகூடங்களில் அதிகம் பயன்படும், நம் குரங்கின் உறவான ரீசஸ் குரங்குகளில் ஏ1*001, பி*008, பி*017 ஆகிய எதிருருக்கள் (ஒரே பரம்பரையலகின் வெவ்வேறு வடிவங்கள்) உள்ளவை, எச்.ஐ.வி.க்கு உறவான எஸ்.ஐ.வி. என்ற குரங்கு வைரஸை மற்றவற்றைவிடக் கட்டுப்படுத்துவதுண்டு. இதைப் பார்க்காமல் தடுப்பூசிப் பரிசோதனை செய்தால், குரங்கைக் காத்தது ஊசியா பிறப்பா என்று பிரித்தறிய வழியில்லை.

இனி சிக்கலுக்கு வருவோம். மனிதரின் 6ஆம் நிறமூர்த்தத்தில் ஏ, பி, சி என முதன்மையான மூன்று பரம்பரையலகுகள், ஒவ்வொன்றும் ஒரு பிரதி. ரீசஸ் குரங்கில் இந்தப் பகுதி 4ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அங்கே சி கிடையாது. ஆனால் ஏயும் பியும் பலமுறை இரட்டித்திருக்கின்றன. எத்தனை பி என்பதுகூட நிறமூர்த்தத்துக்கு நிறமூர்த்தம் மாறும். அவற்றில் சில உரக்கப் பேசும், அதாவது அதிகம் வெளிப்படும், சில முணுமுணுக்கும். மனிதருக்குச் செய்த பரிசோதனைக் கிட்டை வாங்கி, "ஓர் இடத்தில் அதிகபட்சம் இரண்டு எதிருரு" என்ற எண்ணத்தோடு குரங்கில் ஓட்டினால் விடை குப்பைதான். தனித்தனி எதிருருவை விட்டுவிட்டு, ஒன்றாகக் கடத்தப்படும் தொகுதியை, அதாவது ஹப்லோடைப்பை, வாசிக்கவேண்டும். மொரீசியஸ் தீவின் நீள்வால் மக்காக்குகள் (மக்காக்கு என்பது நம் குரங்கும் ரீசஸும் சேர்ந்த பேரினம்) சிறு கூட்டத்திலிருந்து பெருகியதால், அங்கே எம்1 முதல் எம்7 வரை ஏழு ஹப்லோடைப்புகளே முக்கியமானவை. ஆய்வுகூடங்கள் அந்தக் குரங்குகளைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாதிரி எடுப்பதிலேயே பாதி வேலை தீர்மானமாகிவிடும். குருதியானால், உறையாமல் காக்கும் ஈ.டி.டி.ஏ. இட்ட குழாயில் 2 மில்லிலீட்டர். ஹெப்பரின் குழாய் வேண்டாம், அது பிசிஆரை, அதாவது டி.என்.ஏ.யைச் சுற்றுச் சுற்றாகப் பிரதியெடுத்துப் பெருக்கும் முறையை, தடுக்கும். குருதியிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்தால் ஏறத்தாழ 1,100 காரங்கள் கொண்ட முழு வரிசையையும் வாசிக்கலாம். காட்டுக் குரங்கைப் பிடிக்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடித்தால் 15 நிமிடம் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும், மக்காக்குகள் ஹெர்பிஸ் பி வைரஸைச் சுமக்கக்கூடியவை. பிடிக்காமல் செய்வதென்றால் மலம். உள்ளே தோண்டாதீர்கள், குடற்கலங்கள் ஒட்டியிருப்பது மேற்பரப்பில். 95 சதவீத எதனோலில் ஒரு நாள், பிறகு சிலிக்கா மணிகளுக்கு மாற்றுங்கள். நம் மலைநாட்டு மூடுபனியில் மணிகள் விரைவில் ஈரத்தை இழுத்து நிறம் மாறும். மாறினால் உடனே புதியதைப் போடுங்கள். மலத்தில் கிடைக்கும் டி.என்.ஏ. சிதைந்தது, பெரும்பகுதி பக்றீரியாவுடையது. அதனால் 2ஆம் எக்சோனில் 195 காரங்கள் போன்ற சிறு துண்டுதான் நம்பகம். அது எதிருருவின் கூட்டத்தைச் சொல்லும், சரியான எதிருருவைச் சொல்லாது. அறிக்கையிலும் அப்படியே எழுதுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது கலப்பு வரிசை. பிசிஆரின் ஒரு சுற்றில் பாதியில் நின்றுபோன இழை, அடுத்த சுற்றில் வேறு எதிருருவின்மேல் ஒட்டி நீளும். இரண்டும் சேர்ந்து, இயற்கையில் இல்லாத ஒரு "புதிய எதிருரு" பிறக்கும். ஒன்றையொன்று ஒத்த பி வரிசைகள் பத்துக்கு மேல் ஒரே குழாயில் இருந்தால் இது அடிக்கடி நடக்கும். 35 சுற்று ஓட்டாதீர்கள், 25க்குள் நிறுத்தப் பாருங்கள். நீட்சி நேரத்தைக் கூட்டுங்கள். தனித்தனியான இரண்டு பிசிஆரிலும் வராத எதையும் புதியது என்று அறிவிக்காதீர்கள். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே எத்தனையோ பொய்க் கண்டுபிடிப்புகள் ஒழியும்.

பிசிஆர் பிரதியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளான பிரைமர்கள் மனித டி.என்.ஏ.யிலும் ஒட்டுவதால், சேகரித்தவரின் கையும் முடிவில் வந்து உட்காரும். எச்.எல்.ஏ. சி வரிசை தென்பட்டால் யோசிக்கவே வேண்டாம்: குரங்கில் சி இல்லை, அது உங்களுடையதோ உங்கள் நண்பருடையதோ.

எதிர்ப்பக்கப் பிழை, இருப்பதைக் காணாமல் விடுவது. பிரைமரின் 3 பிரைம் முனையில், அதாவது புதிய இழை நீளத் தொடங்கும் முனையில், ஒரே ஒரு காரம் பொருந்தாவிட்டாலும் அந்த எதிருரு பெருகாமலே போகலாம். பெரும்பாலான பிரைமர்கள் ரீசஸையும் நீள்வால் குரங்கையும் வைத்து அமைக்கப்பட்டவை என்பதால் நமது இனத்தில் இதை எதிர்பார்த்தே இருக்கவேண்டும். கண்டுபிடிக்க எளிய வழி தாயும் குட்டியும். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கும், ஆண்கள்தான் வெளியேறும். எனவே யார் யாருடைய குட்டி என்று பார்த்தே அறியலாம். குட்டியின் ஒரு ஹப்லோடைப் தாயுடையதாக இருந்தே ஆகவேண்டும். இல்லையென்றால், முதலில் வேறு பிரைமர் சோடியால் இருவரையும் மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் பொருந்தாவிட்டால் குழாயின் லேபலைப் பாருங்கள். குட்டி மாறியிருக்கும் என்ற முடிவு கடைசியில்தான்.