கோட்டையும் குகையும் ஒரே கல்: லுவார் கரையில் நான்கு நாள் நடை

[காட்சி: காலை மூடுபனி. ஆற்றுக்கு மேலே மலைமுகட்டில் நீண்டு கிடக்கும் வெள்ளைக் கோட்டை.]

வணக்கம். பிரான்சில் ஷினோன் என்ற ஊரிலிருந்து சோமூர் என்ற ஊருக்குக் காரில் போனால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க நான்கு நாள் எடுத்துக்கொள்ளச் சொல்லித்தான் இந்த வீடியோ.

பாரிஸில் உறவினர் வீட்டுக்கு வரும் நம்மவர்கள் பலர் ஒரே நாளில் மூன்று கோட்டை காட்டும் பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். கோட்டைகள் கண்ணில் படும். ஆனால் அவை எங்கிருந்து வந்தன என்பது பஸ் ஜன்னலில் தெரியாது. அதற்கு நடக்க வேண்டும்.

[காட்சி: வரைபடம். லுவார் ஆறு. அதில் வந்து சேரும் வியென் ஆறு.]

லுவார் பிரான்சின் மிக நீளமான ஆறு, ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதன் நடுப்பகுதிப் பள்ளத்தாக்கை 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் நடை அதன் கிளையாறான வியென் கரையில், ஷினோனில் தொடங்குகிறது.

[காட்சி: உடைந்த வெண்கல் துண்டு ஒன்று, உள்ளங்கையில்.]

முதலில் இந்தக் கல்லைப் பாருங்கள். பெயர் துஃபோ. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல். நகத்தால் கீறினால் மாவாக உதிரும். அதன் பருமனில் ஏறத்தாழப் பாதி நுண்துளைதான். அதனால் எடை குறைவு, ரம்பத்தால் அறுக்கலாம், சிற்பிக்கும் சொன்னபடி கேட்கும். குன்றைக் குடைந்து கல்லை எடுத்தார்கள். வெளியே வந்த கல் கோட்டையாகவும் தேவாலயமாகவும் வீடாகவும் எழுந்தது. உள்ளே மிஞ்சிய வெற்றிடத்தையும் வீணாக்கவில்லை. சிலர் அதில் குடியேறினார்கள். சிலர் காளான் வளர்த்தார்கள். திராட்சைக்காரர்கள் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு போய் வைத்தார்கள். கோடையிலும் குளிரிலும் உள்ளே ஏறக்குறைய 12 டிகிரி. ஒயின் முதிர்வதற்கு வேறென்ன வேண்டும்?

[காட்சி: பாறை முகப்பில் ஒரு கதவு, இரண்டு ஜன்னல், பூந்தொட்டி. மேலே புல்தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் புகைபோக்கி.]

மேட்டில் நடக்கும்போது காலுக்கு அருகே திடீரென்று ஒரு புகைபோக்கி முளைத்திருக்கும். திகைக்க வேண்டாம். யாரோ ஒருவருடைய சமையலறைக்கு மேலே நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

முதல் நாள் ஷினோனைவிட்டு நகர வேண்டாம். 1429-இல், பிரெஞ்சுப் படையோடு ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க், இன்னும் முடிசூடாத பிரெஞ்சு மன்னர் ஏழாம் சார்லஸைத் தேடி வந்தது இந்தக் கோட்டைக்குத்தான். எனக்கு அதைவிட ஈர்ப்பான ஆள் ஒருவர் உண்டு: பிரான்சின் இந்தப் பகுதியையும் சேர்த்து ஆண்ட இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி. பெற்ற மகன்களே எதிர்த்துப் போரிட, 1189-இல் இங்கேதான் நொந்து இறந்தார். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் மறுபடி சந்திப்போம்.

[காட்சி: மரத்தில் வெள்ளை, சிவப்புப் பட்டைக் குறி.]

இரண்டாம் நாள்தான் நீண்ட நடை. நாள் முழுவதும் ஒதுக்குங்கள். நாம் போவது ஜி.ஆர் 3 தடம். பிரான்சின் நெடுந்தூர நடைத்தடங்களில் 1947-இல் முதலாவதாகத் திறக்கப்பட்டது இதன் ஒரு பகுதிதான். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரண்டு பட்டை இருந்தால் சரியான வழி. அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது. பெருக்கல் குறியைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போய், இருபது நிமிடம் கழித்து ஒரு திராட்சைத் தோட்டத்தின் நட்டநடுவில் விழித்துக்கொண்டு நின்றவன் நான். பெட்டியைத் தூக்கிச் சுமக்காதீர்கள். அடுத்த விடுதிக்கு வேனில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவை இருக்கிறது. தோளில் தண்ணீரும் மழைக்கோட்டும் போதும்.

[காட்சி: திராட்சை வரிசைகள். வரிசை முனையில் ரோஜாச் செடி.]

இங்குள்ள கருந்திராட்சை பெரும்பாலும் கேபர்னே ஃபிராங் வகை. ஆற்றோரச் சரளை மண்ணில் விளைந்ததன் ஒயின் இலேசாகவும், துஃபோச் சரிவில் விளைந்ததன் ஒயின் கனமாகவும் இருக்கும் என்பார்கள். வரிசையின் முனையில் ரோஜா எதற்கு? சாம்பல் நோய் ரோஜாவை முதலில் பிடிக்கும், அதைப் பார்த்துத் திராட்சைக்கு மருந்தடிக்கலாம் என்பது பழைய விளக்கம். இப்போது பெரும்பாலும் அழகுக்காகத்தான். குடிக்காதவர்களும் நிலவறைக்குள் போகலாம்; அந்தக் குளிர்ச்சிக்காகவும் சுவரில் தெரியும் உளித் தழும்புக்காகவும் போக வேண்டும்.

சாப்பாட்டில் ஓர் எச்சரிக்கை. மதியம் 12 முதல் 2 மணி வரைதான் அடுப்பு எரியும். இரண்டே காலுக்குப் போனால் மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள், மன்றாடியும் பயனில்லை. அதனால் காலையிலேயே ரொட்டியும் ஒரு சேன்ட் மோர் ஆட்டுப்பால் சீஸும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாம்பல் பூசிய சின்னக் கட்டை மாதிரி இருக்கும். வெட்டினால் நடுவில் ஒரு வைக்கோல் தாள். அதை உருவி வெளிச்சத்தில் பாருங்கள்: பொடி எழுத்தில் ஏதோ பொறித்திருக்கும். இது அசல் என்பதற்கும், செய்தவர் யார் என்பதற்கும் அதுதான் முத்திரை.

[காட்சி: குன்றின் மேலிருந்து இரண்டு ஆறுகள் கலக்கும் இடம். மணல்திட்டுகள்.]

மாலையில் கான்ட் சேன் மார்த்தன். ஊரின் தலைமாட்டில் ஏறினால் வியென் லுவாரில் கலப்பது முழுதாகத் தெரியும். தூர் நகர ஆயரான புனித மார்ட்டின் 397-இல் இறந்தது இவ்வூரில். உடல் யாருக்கு என்று இரண்டு ஊர்க்காரர்களுக்கு வழக்கு. புவாத்தியே ஊரார் அசந்து தூங்கிய நேரத்தில் தூர் நகரத்தார் உடலை ஜன்னல் வழியே இறக்கிப் படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது கதை.

பக்கத்து ஊர் மோன்சோரோ, பொடிநடை தூரம். இரவு அங்கே தங்கலாம். அதன் கோட்டைச் சுவரை லுவார் நனைத்த காலம் உண்டு. இடையில் சாலை வந்தது பிறகுதான்.

[காட்சி: உயரமான, வெறுமையான தேவாலயக் கூடம். நான்கு கிடந்த திருமேனிகள்.]

மூன்றாம் நாள் ஃபோன்தவ்ரோ மடத்துக்குப் போய்த் திரும்பலாம். 1963 வரை இது சிறைச்சாலையாக இருந்தது என்பதை இந்த அமைதியில் நம்புவது கடினம். கூடத்தின் நடுவில் படுத்திருக்கிறார் நம் ஹென்றி. ஷினோனில் இறந்தவரை இங்கேதான் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். நேற்றும் இன்றுமாக நாம் நடந்தது கிட்டத்தட்ட அந்தத் திசையில்தான். பக்கத்தில் மனைவி எலினோர். மகன்களோடு சேர்ந்து கலகம் செய்தார் என்று ஹென்றி பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காவலில் வைத்திருந்த அதே எலினோர். மகன் ரிச்சர்ட் அருகே கிடக்கிறான். எலும்புகள் பிரெஞ்சுப் புரட்சியில் சிதறிவிட்டன, சிலைகள் தங்கின. இவர்கள் மூவரும் துஃபோக் கல். நான்காமவரான மருமகள் இசபெல்லா மட்டும் மரம். ஹென்றி கண்மூடிக் கிடக்க, எலினோர் கையில் விரித்த புத்தகம். எண்ணூறு ஆண்டுகளாக அந்தப் பக்கம் நிற்கிறவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

[காட்சி: சோமூர் பாலம். மேலே கூரான கோபுரங்களோடு கோட்டை.]

நான்காம் நாள், குகை வீடுகளை ஒட்டி, திராட்சைச் சரிவுகளின் ஊடே சோமூர். வழியில் ஃபுவே கிடைத்தால் விடாதீர்கள்: விறகடுப்பில் பொங்கி எழும் உள்ளங்கையளவு ரொட்டி, வயிற்றைப் பிளந்து வெள்ளை பீன்ஸ் வைத்துத் தருவார்கள். சைவர்கள் இறைச்சி இல்லையே என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சோமூர் கோட்டையின் மதிலில் ஒரு பகுதி 2001 ஏப்ரலில் அப்படியே சரிந்து விழுந்தது. சீர்செய்யப் பல ஆண்டுகள் பிடித்தன. மிருதுவான கல், மழை உறிஞ்சும் கல். கட்டியவர்களுக்கு எளிதாக இருந்தது, காப்பவர்களுக்கு ஓயாத வேலை.

மே, ஜூன் அல்லது செப்டம்பரில் போங்கள். செப்டம்பர் என்றால் அறுவடையும் பார்க்கலாம். வேட்டைக் காலமும் அப்போதே தொடங்குவதால் பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். சோமூர் ரயில் நிலையம் ஆற்றின் அக்கரையில் இருக்கிறது. பாலம் கடந்து தூர் ரயிலில் உட்கார்ந்ததும் காலணியைக் கழற்றித் தட்டுங்கள். உதிர்வது வெள்ளையாக இருக்கும்.