கேட்பவரின் முகத்தில் பிறக்கும் சிரிப்பு

(பாம்பனில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கும், மண்டபத்திலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நகைச்சுவைத் தொடர் என்றாலே வீட்டுக் கூடமும் மாமியார் மருமகள் சண்டையும்தான் என்று பழகிவிட்ட நமக்கு, வேலையிடத்தில் அமைந்த பழைய அமெரிக்கத் தொடரொன்றைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். 1972 முதல் 1978 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 142 பகுதிகளாக வந்த ‘தி பாப் நியூஹார்ட் ஷோ’ அது.

பாப் நியூஹார்ட் மேடைக்கு வருமுன் சிகாகோவில் கணக்கராக இருந்தவர். சில்லறைக் கணக்கு உதைத்தால் குறைந்த காசைத் தம் சட்டைப்பையிலிருந்தே போட்டு நேர்செய்துவிடுவாராம். கணக்குத் துறை அவரை இழந்ததற்காக அழுதிருக்காது. பாட்டே இல்லாத, வெறும் பேச்சு மட்டுமே பதிவான அவருடைய 1960ஆம் ஆண்டு இசைத்தட்டு, ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அதில் பெயர்பெற்ற அவருடைய உத்தி எளிமையானது. தொலைபேசியில் அவர் மட்டும் பேசுவார். மறுமுனைக் குரல் நமக்குக் கேட்காது. அவருடைய தயக்கத்தையும், திக்கலையும், இடைவெளிகளையும் வைத்தே அந்தப் பக்கத்தில் இருப்பவர் என்ன உளறினார் என்று நாம் ஊகித்துச் சிரிக்க வேண்டும்.

இப்படிப்பட்டவருக்கு எந்த வேலையைக் கொடுப்பது? தொடரை உருவாக்கிய டேவிட் டேவிஸும் லொரென்ஸோ மியூசிக்கும் அவரை உளவியல் ஆலோசகராக்கினார்கள். இந்தத் தேர்வில்தான் தொடரின் முழுச் சூட்சுமமும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. ஆலோசகரின் பிழைப்பே கேட்பதுதான். எதிரில் இருப்பவர் எவ்வளவு அபத்தமாகப் பேசினாலும் அவர் எழுந்து போகவும் முடியாது, சிரிக்கவும் கூடாது. இசைத்தட்டில் கேட்காமல் இருந்த மறுமுனை, இங்கே நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டது. நகைச்சுவை நடிகரை மையமாக வைத்துவிட்டு, சிரிப்பு வசனங்களில் பெரும்பகுதியை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்ததில் இருக்கும் துணிச்சலைக் கவனியுங்கள். நம்மூரில் நாயகருக்கு வசனம் குறைந்தால் படப்பிடிப்பே நின்றுபோகும்.

அங்கே வரும் கார்லின் என்ற நோயாளி ஆறு பருவங்களாகச் சிடுசிடுத்துக்கொண்டே இருக்கிறார், குணமாவதாகத் தெரியவில்லை. குணமானால் அடுத்த வாரம் அவர் வரமாட்டாரே! வேலையிடத் தொடரின் விதியே இதுதான்: பிரச்சினை தீரக் கூடாது, தீர்க்க வேண்டிய நாற்காலியில் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

அத்தகைய நாற்காலி நம் கரையில் இல்லையா? விசைப்படகு கடலுக்குப் போக மீன்துறையின் டோக்கன் வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டோக்கன் கொடுக்கும் எழுத்தரை நம் நாயகராக எண்ணிப் பாருங்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறையைப் பற்றி இரு தரப்பும் அவரிடமே வந்து வழக்காடும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும், ‘காத்துதான் அடங்கிருச்சே, அப்புறம் என்ன சார்?’ என்று படகு வைத்திருக்கும் ஒரு சம்மாட்டி சாளரத்துக்குள் தலையை நுழைப்பார். காற்றும் எழுத்தர் கையில் இல்லை, உத்தரவும் அவர் கையில் இல்லை. பேனாவை மூடி, திறந்து, மறுபடியும் மூடுவதைத் தவிர அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. நல்ல நடிகருக்கு அந்தப் பேனா ஒன்றே போதும்.

இதை எழுத முன்வரும் இளைஞருக்கு ஒரு வேண்டுகோள்: எழுத்தரை இலஞ்சப் பேர்வழியாகவோ கோமாளியாகவோ ஆக்கிவிடாதீர்கள், அந்த வழியில் தமிழ்த் திரை ஏற்கெனவே நிறையப் போய்விட்டது. அவர் நேர்மையானவராக, கொஞ்சம் அசடாக இருக்கட்டும். முதல் பகுதியை ஏப்ரல் 15இல் தொடங்குங்கள். ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்கு டோக்கனே கிடையாது. ஆனாலும் காலை பத்து மணிக்கெல்லாம் அவர் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், எதிரே வேலையில்லாத சம்மாட்டிகள் அத்தனை பேரும் பேசுவதற்கென்றே வந்து நிற்பார்கள்.