வடைத் தாளில் வந்த மோர்க்குழம்பு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பழைய சமையல் புத்தகங்களைச் சேர்ப்பது செல்வம் சேர்ப்பது என்பது எங்கள் அணி. வெறும் சுமை என்பது எதிரணி.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "கைமணம் இருக்கிறவளுக்குப் புத்தகம் எதுக்கு? கிலோ பத்து ரூபாய்க்குப் போகிற தாளை அலமாரியில் பூட்டி வைத்தால் குழம்பு கொதிக்குமா?" நம் செங்கோட்டை ஊரே கைதட்டியது. சரி அண்ணே, அந்தப் பத்து ரூபாயிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் அத்தை இதே ஊரில் வாழ்ந்து இதே ஊரில் போனவர். அவர் போன மறு மாதம் அத்தான் வீட்டை ஒழித்தார். செய்தித்தாள் கட்டோடு கட்டாக அத்தையின் 'சமைத்துப் பார்' புத்தகமும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. மீனாட்சி அம்மாள் எழுதியது, 1951இல் முதலில் வந்தது. செய்தி கேட்டு மறுநாள் காலையில் ஓடினேன். கடைக்காரர் நல்ல மனிதர், தேடி எடுத்துக் கொடுத்தார். கையில் வாங்கிப் புரட்டுகிறேன், நடுவில் நான்கு தாள் இல்லை. "தையல் விட்டிருந்துச்சும்மா, உதிர்ந்ததை டீக்கடைக்குக் கொடுத்துட்டேன்" என்றார்.

ஓடினேன் டீக்கடைக்கு. வடை மடிக்கும் தாள்களைக் கம்பியில் குத்தித் தொங்கவிட்டிருந்தார்கள். மாஸ்டரிடம் கேட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பரீட்சைத் தாள், கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை விளம்பரம்... நடுவே அத்தையின் தாள் ஒன்று! இன்னும் கொஞ்சம் கழற்றினால் இன்னொன்று. அடியில் மூன்றாவது. நான்காவதைக் காணோம். பெஞ்சில் உட்கார்ந்து கடையில் இருக்கிற ஒவ்வொரு கையையும் பார்த்தேன். மூலையில் ஒரு பெரியவர், கையில் ஆமவடை. வடைக்குக் கீழே, நடுவர் அவர்களே, மோர்க்குழம்பு!

பக்கத்தில் போய் நின்றேன். "என்னம்மா வேணும்?" என்றார். "ஐயா, வடையை நிதானமா சாப்பிடுங்க. தாளை மட்டும் கசக்காம கொடுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பாதி வடை வாயில், பாதி கையில். அப்புறம் அந்த மனிதர் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மீதி வடையை இடது கைக்கு மாற்றினார். வலது கையை வேட்டியில் நன்றாகத் துடைத்தார். தாளைத் தொடையில் வைத்து நீவி, மடிப்பெல்லாம் எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். அது கிலோ பத்து ரூபாய்த் தாள் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது அண்ணே. எண்ணெய் ஊறிய இடத்தில் மறுபக்கத்து எழுத்தும் இந்தப் பக்கம் தெரிந்தது.

கைமணம் என்றீர்கள். புத்தகம் எழுதிய மீனாட்சி அம்மாளுக்கா கைமணம் இல்லை? கைமணம் இருந்ததால்தான் சொந்தக்காரர்கள் "இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில்தான் புத்தகமாக வந்தது. கைமணம் கையோடு போய்விடும் அண்ணே. உங்கள் அம்மா புத்தகம் பார்க்காமல் சமைத்தார் என்று பெருமையாகச் சொன்னீர்கள். நானும் கும்பிடுகிறேன். அவர் வைத்த ரசத்தை இன்றைக்கு உங்கள் வீட்டில் யார் வைக்கிறார்கள்?

பழைய புத்தகத்தில் அடுப்புக்கு மணிக்கணக்கு கிடையாது, பதம்தான் உண்டு. பாகு என்றால் கம்பிப் பதம், உருட்டுப் பதம். அளவு ஆழாக்கு, பலம், வீசை. ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம், நாற்பது பலம் ஒரு வீசை. 1958 அக்டோபரில் கிலோக் கணக்கு நடைமுறைக்கு வரத் தொடங்கியதும் இந்தச் சொற்கள் கடையை விட்டுப் போயின. பிறகு வீட்டை விட்டும் போயின. இப்போது அவை தங்கியிருக்கிற இடம் இந்தப் பழைய தாள்கள்தான். தஞ்சை சரபோஜி மன்னரின் அரண்மனைச் சமையல் சுவடியாகக் கிடந்ததால்தானே சரசுவதி மகால் நூலகம் அதை அச்சில் கொண்டுவர முடிந்தது? மலைக்கு அந்தப் பக்கம் திருமதி கே. எம். மாத்யூவின் மலையாளச் சமையல் புத்தகங்கள். அவற்றில் ஒன்று புனலூர்க்காரர் ஒருவர் மூலம் என் அலமாரிக்கு வந்தது. மீன் குழம்புப் பக்கத்தில் குடம்புளிக் கறை அப்படியே இருக்கிறது. அந்த வீட்டில் குழம்பு கொதித்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

மணி அடித்துவிட்டீர்கள், ஒரு நிமிடம் கொடுங்கள்.

அந்த மோர்க்குழம்புத் தாளுக்கு வருகிறேன். அத்தை புத்தகம் வாங்கியபோது செங்கோட்டை திருவாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் நாம் இந்தப் பக்கம், தமிழ்நாட்டோடு வந்தோம். புத்தகத்தில் ஆழாக்கு, அத்தையின் அடுக்களையில் நாழி. அதனால் ஓரமெல்லாம் பென்சிலில் கணக்குப் போட்டு, ஆழாக்கை நாழியாக மாற்றி வைத்திருக்கிறார். பிற்பாடு அதையும் அடித்துவிட்டு, பக்கத்தில் மையால் கிராம் எழுதியிருக்கிறார். ஒரே பெண், ஒரே அடுக்களை, மூன்று கணக்கு.

தாளின் அடியில் இன்னும் ஒரு வரி இருக்கிறது. வடை எண்ணெய் பட்டு அந்த மை கொஞ்சம் பரவியிருக்கிறது, ஆனால் படிக்கலாம். வீட்டுக்கு வந்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். "சின்னவள் லீவுக்கு வந்தால் மிளகாய் 2 போதும். காரம் தாங்க மாட்டாள். கேட்கவும் மாட்டாள்."

ஒவ்வொரு பரீட்சை லீவுக்கும் இங்கே வந்து, அத்தை வைத்த மோர்க்குழம்பைத் தட்டு வழித்துச் சாப்பிட்டிருக்கிறேன். எல்லோருக்கும் அதுதான் என்று நினைத்தேன்.

அந்தச் சின்னவள் நான்தான் அண்ணே. நன்றி, வணக்கம்.