போர்ச்சு அலமாரி துருப்பிடிக்காமல் இருக்க: முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

[காட்சி: ஒரு தமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் போர்ச்சு. காருக்குப் பின்னால், சுவரோரம் சாம்பல் நிற இரும்பு அலமாரி. ஒரு கதவு சரியாக மூடாமல் நிற்கிறது.]

வணக்கம். இது சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா. 2007 வரைக்கும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் பெயர், பெரியவர்கள் இன்னும் அப்படியே சொல்கிறார்கள். ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டம். தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தமானுக்குக் குடிவந்த வீடுகளில் தோட்டத்துச் சாமான் எல்லாம் இப்போது போர்ச்சில் நிற்கும் இந்த அலமாரிக்குள்தான் இருக்கிறது. புல் வெட்டும் மெஷின், மருந்து டப்பா, உர மூட்டை, ரப்பர் பால் வெட்டும் கத்தி, மிச்சமான பெயிண்ட், இன்னும் என்னென்னவோ.

அலமாரி துருப்பிடித்தால் எல்லாரும் மழையைத்தான் குறை சொல்வார்கள். மழைக்கும் பங்குண்டு. ஆனால் இந்த ஊரில் நான் பார்த்த அலமாரிகளில் பெரிய சேதம் உள்ளே இருந்துதான் தொடங்கியிருந்தது. அதனால் பெயிண்ட் டப்பாவை எடுப்பதற்கு முன்னால் அலமாரியைத் திறந்து, இருப்பதையெல்லாம் தரையில் இறக்கி வைப்போம்.

[காட்சி: கேமரா மேல்தட்டின் அடிப்பக்கத்தை நெருங்கிக் காட்டுகிறது.]

இந்த இடத்தைப் பாருங்கள். தட்டின் மேல்பக்கம் பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. அடிப்பக்கத்தில் மட்டும் வட்டமாகத் துரு. விரலால் தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. அதற்கு நேர் கீழே நின்றது என்ன? ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட் போத்தல்.

சிறுதோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டில் இந்த ஃபார்மிக் ஆசிட் இருக்கும். கெரெங்கா எறும்பு பீய்ச்சி அடித்தால் தோல் எரிகிறதே, அது இதே அமிலம்தான். இது ஆவியாகிற அமிலம். மூடி லேசாகத் தளர்ந்திருந்தாலே போதும், ஆவி மேலே போய்த் தட்டில் படியும். ஈரமும் சேர்ந்துகொண்டால் இரும்பை அரித்துவிடும். பக்கத்தில் இருக்கிற கத்தி, ஸ்பேனர், பூட்டு எதையும் விடாது. ஆசிட்டை இரும்பு அலமாரிக்குள் வைக்கவே வேண்டாம். தடித்த பிளாஸ்டிக் பெட்டியில், நிமிர்த்தி, நிழலில், காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

தரை கழுவுகிற குளோரின் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். அதோடு ஆசிட்டும் குளோரினும் கலந்தால் நச்சு வாயு வரும், மூச்சு அடைக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

அடுத்தது உரம். செம்பனைக்குப் போடுகிற அந்தச் சிவப்பு மணி உரம் பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஒரு உப்புதான். இங்கே பல இரவுகளில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அலமாரி மூலையில் சிந்திய நாலு மணி, அந்தக் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைந்து, உப்புத் தண்ணீராக மடிப்புக்குள் இறங்கிவிடும். கடலோர வீட்டு இரும்புக்கு என்ன ஆகிறதோ அதுவே இங்கேயும் ஆகும். யூரியாவும் ஈரத்தை இழுக்கும். உரத்தை மூடியுள்ள பெயிண்ட் வாளியில் போட்டு, அலமாரிக்கு வெளியே வையுங்கள்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பழைய அலமாரியைக் காலி செய்யும்போது அடித்தட்டில் பேராகுவாட் என்ற களைக்கொல்லி டப்பா கிடைக்கலாம். 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அது தடை. ஒரு வாய் உள்ளே போனாலே உயிரை எடுக்கும், அதற்கு முறிவு மருந்து கிடையாது. சாக்கடையில் ஊற்றாதீர்கள், வேறு போத்தலுக்கும் மாற்றாதீர்கள். இருக்கிற டப்பாவிலேயே இறுக மூடி, பூட்டி வைத்துவிட்டு, எப்படி ஒப்படைப்பது என்று மாவட்ட விவசாய இலாகாவில் கேளுங்கள். எந்தக் களைக்கொல்லியையும் குடிக்கிற போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தோட்டப்புறத்தில் இதனால் போன உயிர்கள் போதும்.

பெட்ரோலும் அப்படித்தான். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். போர்ச்சில் சாமி விளக்கு எரிகிற வீடுகள் நிறைய. புல் மெஷினை உள்ளே வைக்கும் முன் டேங்கைக் காலி செய்யுங்கள். பெட்ரோல் கேனுக்கு இந்த அலமாரி இடமில்லை.

[காட்சி: காலியான அலமாரி. சுவரோடு ஒட்டி நின்ற முதுகுத் தகட்டில் கரும்பூஞ்சை.]

சரி, இப்போது காற்று. ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பில் துரு வேகம் பிடிக்கும். நம் ஊரில் சராசரியே 80-க்குப் பக்கம். இரவில் தகடு குளிர்ந்துவிடும். விடிந்ததும் ஈரக் காற்று அதன்மேல் பட்டு வியர்க்கும். அந்த வியர்வை காய வழி வேண்டும். அதற்காகத்தான் கதவில் அந்தக் கீற்றுத் துளைகள் இருக்கின்றன. தூசி வருகிறதே என்று டேப் ஒட்டி அடைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். பூச்சி வந்தால் உள்பக்கம் கொசுவலைத் துண்டு ஒட்டிக்கொள்ளலாம்.

சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். கீழே நாலு அங்குலம் உயர்த்துங்கள், தரையைக் கழுவும்போது தண்ணீர் படாது. செங்கல் வைத்தால் அது தண்ணீரை உறிஞ்சி அலமாரியின் காலுக்கே கொடுக்கும். கான்கிரீட் கட்டையும் அதன்மேல் ரப்பர் துண்டும் நல்லது. நனைந்த மண்வெட்டி, மழைக்கோட்டு, ஈரத் துணி எதுவும் காயாமல் உள்ளே போகக் கூடாது.

ஈரம் உறிஞ்சும் டப்பா வாங்கி வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் இருப்பது கால்சியம் குளோரைடு. தண்ணீரை நன்றாகவே பிடிக்கும், ஆனால் கீழே சேர்கிற அந்தத் தண்ணீர் சிந்தினால் தகட்டை அரித்துவிடும். துளை உள்ள அலமாரிக்குள் அது ஊருக்கே ஈரம் உறிஞ்சிக்கொண்டிருக்கும், அதனால் காசு வீண். நல்ல கத்தி, டிரில் மாதிரி சாமானை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பதுதான் என் யோசனை.

[காட்சி: துரு தேய்க்கும் கை. அருகில் பிரஷ், சேண்ட்பேப்பர், பிரைமர்.]

இனி துரு எடுப்பது. மேற்குக் கரையில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடும். பிப்ரவரியோ ஜூன், ஜூலையோ இந்த வேலைக்கு ஏற்றது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் முதலில் துடைத்து, உப்பும் எண்ணெயும் போன பிறகு நன்றாகக் காய விடுங்கள். கழுவாமல் தேய்த்தால் உப்பு தகட்டிலேயே தங்கி, புதுப் பெயிண்டுக்கு அடியில் மறுபடி துரு கிளம்பும். அப்புறம் கம்பி பிரஷ்ஷால் செதிலை உதிர்த்து, 120 நம்பர் சேண்ட்பேப்பரால் தேயுங்கள். துருவைத் தாண்டி ஒரு அங்குலம் நல்ல பெயிண்ட்டையும் சேர்த்தே தேய்க்க வேண்டும், ஓரம் கையில் தட்டக் கூடாது. குழிக்குள் கருப்பாக மிஞ்சுவதற்குத் துரு மாற்றி என்று ஹார்ட்வேர் கடையில் ஒரு திரவம் கிடைக்கும், அதைப் பூசலாம். தேய்த்த அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். வெறும் இரும்பை ஒரு ராத்திரி விட்டால் காலையில் மறுபடி செம்மண் நிறம் வந்துவிடும். மேல்பூச்சு மெல்லியதாக இரண்டு தடவை. உள்பக்கம் அடித்தால் கதவைத் திறந்தே வைத்து, மறுநாள் வரை சாமானை ஏற்றாதீர்கள்.

பலகை அலமாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தூள் பலகை ஒருமுறை ஊதிவிட்டால் பழையபடி ஆகாது, அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். வெட்டிய ஓரங்களிலும் அடிப்பக்கத்திலும் பெயிண்டோ வார்னிஷோ பூசி அடைத்துவிட்டால் நிறைய நாள் தாங்கும். தட்டு வளைந்தால் திருப்பிப் போட்டு, நடுவில் ஒரு தாங்கு கட்டை கொடுங்கள். தாங்கும் இடைவெளி பாதியானால் வளைவு பதினாறில் ஒரு பங்காகிவிடும். மாதம் ஒருமுறை டார்ச் அடித்து முதுகுப்பக்கம் பாருங்கள். பென்சில் தடிமனில் மண் குழாய் ஏறியிருந்தால் கரையான். மருந்தை நேரே குழாய்மேல் அடிப்பதைவிட, கரையான் ஒழிக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். அலமாரியோடு நிற்காது, நிலைக்கதவு வரைக்கும் போகும்.

கீலுக்குக் கிரீஸ், பூட்டுக்குக் கிராஃபைட் தூள். பூட்டுக்குள் எண்ணெய் விட்டால் தூசியோடு பிசினாகிவிடும்.

[காட்சி: அலமாரியின் மேல் வைத்த மட்டப் பலகை. குமிழ் ஒரு பக்கம் சாய்கிறது.]

ஆரம்பத்தில் கதவு மூடாமல் நின்றது அல்லவா? கீலை முறுக்காதீர்கள். போர்ச்சுத் தரை வாய்க்காலைப் பார்த்துச் சரிவாகத்தான் இருக்கும். அலமாரி முறுக்கிக்கொண்டு நிற்பதால் கதவு இடிக்கிறது. முன் கால்களுக்கு அடியில் தகட்டுத் துண்டு கொடுத்து மட்டம் பார்த்தால் போதும், பெரும்பாலும் கதவு தானாகவே சேர்ந்துகொள்ளும்.

மட்டம் வந்த பிறகு மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் ஆங்கிள் கிளிப் வைத்து, சுவரில் டிரில் போட்டு, பிளக் அடித்து முடுக்குங்கள். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் உள்ள அந்த இரண்டு அங்குலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு கொடுத்தால் கிளிப் வளையாது. கனமான சாமானை அடித்தட்டில் அடுக்குங்கள். இரண்டு கதவையும் திறந்துபோட்டுப் பிள்ளைகள் தட்டில் காலை வைத்து ஏறினாலும் அலமாரி முன்னால் சாயக் கூடாது. முடுக்கிய பிறகு மேல்பக்கத்தைப் பிடித்து ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள். ஆடினால் பிளக்கைக் கழற்றி, பெரியது போட்டு மறுபடி முடுக்குங்கள்.