கதைசொல்லியா, ஆய்வாளருடன் உரையாடலா? – உரையாடல் அணியின் வாதம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

பழைய குற்ற வழக்குகளை ஒலி நிகழ்ச்சிகள் வழியாக நாம் அறிந்துகொள்ளச் சிறந்த வழி எது? ஒற்றைக் குரலில் விறுவிறுப்பாகச் சொல்லப்படும் கதையா, அந்த வழக்கை ஆராய்ந்த எழுத்தாளரோடும் வரலாற்றாய்வாளரோடும் நடத்தும் உரையாடலா? இதுதான் தலைப்பு. எதிரணி மூன்று வாதங்களை வைத்தது. கதை கட்டிப்போடும், உரையாடல் தொய்யும் என்பது முதலாவது. மூல ஆவணங்களே இணையத்தில் கிடைக்கும்போது நடுவில் ஆய்வாளர் எதற்கு என்பது இரண்டாவது. நூலாசிரியர் வருவதே தன் நூலை விற்கத்தான் என்பது மூன்றாவது. நான் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். கனமான வாதம் அதுதான்.

லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் வழக்கு அறிக்கைகள் 1674 முதல் 1913 வரை அச்சாயின. இன்று அவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பவர் அதை நீதிமன்றத்தின் முழுப் பதிவு என்றே நினைப்பார். ஆனால் அது நெடுங்காலம் விற்பனைக்காகப் பதிப்பாளர் அச்சிட்ட வெளியீடு. சுருக்கெழுத்தில் பிடித்ததை வெட்டிச் சுருக்கியது. அரசுத் தரப்புச் சாட்சியம் பத்தி பத்தியாக வரும், தற்காப்பு பல வழக்குகளில் ஓரிரு வரியோடு முடிந்துவிடும். 1790 டிசம்பர் முதல் 1792 அக்டோபர் வரை, விடுதலையில் முடிந்த வழக்குகளை அச்சிடக் கூடாது என்று நகர நிர்வாகமே தடை போட்டிருந்தது. அந்த இரண்டு ஆண்டு இதழ்களை மட்டும் படித்தவருக்கு, கூண்டில் ஏறியவர் எல்லாம் குற்றவாளி என்றே தோன்றும். இந்தத் தடை ஆவணத்துக்குள் தெரியாது. ஆவணம் எப்படி உருவானது என்று தெரிந்தவரிடம் கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்று பாருங்கள். 1889இல் லிவர்பூலில் ஃபுளோரன்ஸ் மேபிரிக் என்ற பெண், கணவருக்கு ஆர்செனிக் கொடுத்துக் கொன்றதாக விசாரிக்கப்பட்டார். சத்தியப் பிரமாணம் எடுத்து அவர் சாட்சி சொல்லவில்லை. கதைசொல்லிக்கு இது அருமையான இடம். இசையைத் தாழ்த்தி, "அவர் ஏன் வாய் திறக்கவில்லை?" என்று கேட்டுவிட்டுப் போய்விடலாம். சட்ட வரலாறு படித்தவர் ஒரு நொடியில் பதில் சொல்வார்: 1898ஆம் ஆண்டின் குற்றவியல் சாட்சியச் சட்டம் வரும்வரை, இங்கிலாந்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் தன் வழக்கில் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்ல முடியாது. கூண்டில் நின்றபடி பிரமாணம் இல்லாத அறிக்கை ஒன்று வாசிக்கலாம், அவ்வளவுதான். மேபிரிக் அதைச் செய்தார். அது அவருக்கே பாதகமாக முடிந்தது.

இதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சி சொல்ல 1866 முதலே அனுமதி இருந்தது. தந்தையையும் மாற்றாந்தாயையும் கொன்றதாக 1893இல் விசாரிக்கப்பட்ட லிஸ்ஸி போர்டன் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை என்றால், அது அவர் தரப்பு எடுத்த முடிவு. இரண்டு பெண்கள், நான்கு ஆண்டு இடைவெளி, ஒரே மாதிரியான மௌனம். ஒன்றுக்குக் காரணம் சட்டம், மற்றொன்றுக்குக் காரணம் வழக்கறிஞர்களின் கணக்கு. வழக்கு அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

லிஸ்ஸி வழக்கில் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் எதிரணியின் முதல் வாதத்துக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. 1892 ஆகஸ்ட் 4, ஃபால் ரிவர் நகரம். ஆண்ட்ரூ போர்டனும் அவருடைய இரண்டாம் மனைவி ஆபியும் வீட்டுக்குள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தாய்க்கு நாற்பது வெட்டு, தந்தைக்கு நாற்பத்தொன்று என்று குழந்தைப் பாட்டே இருக்கிறது. மருத்துவச் சாட்சியத்தில் ஆபிக்குப் பத்தொன்பது வரை, ஆண்ட்ரூவுக்குப் பத்து அல்லது பதினொன்று. ஆபி லிஸ்ஸியின் தாயும் அல்ல, மாற்றாந்தாய். பாட்டைக் கதைசொல்லி பாடிவிடுவார். எண் எங்கே மாறியது என்று கேட்பவர் உரையாடலில்தான் இருப்பார்.

விறுவிறுப்பு வேண்டும் என்றால், ஆய்வாளரிடம் முதல் கேள்வியாக அந்த வீட்டின் அமைப்பைக் கேளுங்கள். மாடியில் அறைகளை இணைக்கும் நடைவழி கிடையாது, ஓர் அறைக்குள் புகுந்துதான் அடுத்த அறைக்குப் போக முடியும். ஆபி மாடி விருந்தினர் அறையில் காலை ஒன்பதரை வாக்கில் இறந்தார். ஆண்ட்ரூ கீழே சோபாவில் ஏறக்குறைய பதினொரு மணிக்கு. ரத்தம் உறைந்திருந்த அளவையும் இரைப்பையில் உணவு செரித்திருந்த அளவையும் வைத்து இந்த இடைவெளியை மருத்துவர்கள் கணித்தார்கள். அப்படியென்றால் ஒன்றரை மணி நேரம் கொலையாளி எங்கே நின்றார்? நடைவழி இல்லாத வீட்டில், பணிப்பெண்ணும் லிஸ்ஸியும் நடமாடும்போது? இதற்கு மேல் எந்த இசை வேண்டும் நடுவர் அவர்களே?

அந்த வழக்கின் மரண விசாரணையில், அதாவது இறப்பு எப்படி நேர்ந்தது என்று முதலில் ஆராயும் விசாரணையில், லிஸ்ஸி சொன்ன வாக்குமூலம் முன்னுக்குப் பின் முரணானது. அதை மட்டும் படித்தவர், "பொய் சொல்கிறார்" என்று முடிவு கட்டிவிடுவார். ஆய்வாளர் அதன் பக்கத்தில் இரண்டு தகவல்களை வைப்பார். குடும்ப மருத்துவர் அந்த நாட்களில் அவருக்கு மார்ஃபின் கொடுத்துவந்தார். கைது ஆணை ஏற்கெனவே தயாராகியிருந்தது, ஆனால் அதை அவரிடம் காட்டாமல், வழக்கறிஞர் உடன் இல்லாமல் விசாரித்தார்கள். இந்த இரண்டாவது காரணத்தால்தான் நீதிபதிகள் அந்த வாக்குமூலத்தை ஜூரியின் காதுக்கே போகவிடவில்லை. லிஸ்ஸி குற்றமற்றவர் என்று நான் சொல்லவரவில்லை. அந்தத் தாளை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லித்தர ஓர் ஆள் தேவை என்கிறேன்.

அறிவியல் சான்று இருந்தால் போதும், ஆள் தேவையில்லை என்பார்கள். 1859ஆம் ஆண்டின் ஸ்மெதர்ஸ்ட் வழக்கு அதற்குப் பதில். இசபெல்லா பேங்க்ஸ் என்ற பெண்ணை நஞ்சிட்டுக் கொன்றதாக மருத்துவர் தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் மீது வழக்கு. நாட்டின் பெரிய நஞ்சியல் நிபுணர் ஆல்ஃபிரட் ஸ்வெய்ன் டெய்லர், வீட்டில் எடுத்த ஒரு புட்டியில் ஆர்செனிக் இருப்பதாகக் கண்டார். அவர் பயன்படுத்தியது ரைன்ஷ் சோதனை: மாதிரியோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, அதில் செம்புத் தகடோ வலையோ இட்டுச் சூடாக்க வேண்டும். ஆர்செனிக் இருந்தால் செம்பின் மேல் கருஞ்சாம்பல் படிவு வரும். அந்தப் புட்டியில் இருந்ததோ பொட்டாசியம் குளோரேட். அது செம்பையே கரைத்தது. செம்புக்குள் மாசாக இருந்த ஆர்செனிக்தான் வெளியே வந்தது. நிபுணர் கண்டுபிடித்தது தன் கருவியில் இருந்த நஞ்சை. விசாரணையில் டெய்லரே இதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஸ்மெதர்ஸ்டுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு உள்துறை அமைச்சர் வேறொரு மருத்துவ வல்லுநரின் கருத்தைக் கேட்டு மன்னிப்பு வாங்கிக் கொடுத்தார். "ஆர்செனிக் கிடைத்தது" என்பது ஒரு வரி. எந்தச் சோதனை, எந்தச் செம்பு, புட்டியில் வேறு என்ன இருந்தது என்று கேட்பதுதான் வரலாறு. மேபிரிக் வழக்கிலும் அப்படியே. அந்தக் காலத்தில் ஆர்செனிக் ஈ பிடிக்கும் தாளில் இருந்தது, முகப்பூச்சில் இருந்தது, டானிக்கிலும் இருந்தது. கணவர் ஜேம்ஸ் மேபிரிக் தானே அதை உட்கொள்ளும் பழக்கம் உள்ளவர் என்று நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது.

சரி, உரையாடல் தொய்யும் என்றார்களே. தொய்கிற உரையாடல்கள் உண்டு, மறுக்கவில்லை. காரணம் பெரும்பாலும் நடத்துகிறவரின் தயாரிப்பில் இருக்கிறது. "உங்கள் நூலைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்கினால் விருந்தினர் இருபது நிமிடம் முன்னுரை பேசுவார். அதைப் பல மேடைகளில் பேசிப் பழகியவர் அவர், ஒரே தடத்தில் ஓடுவார். தடத்திலிருந்து இறக்க, நூலின் பின்குறிப்புகளிலிருந்து கேள்வி எடுக்க வேண்டும். நூலை முழுதும் படித்து, பின்குறிப்புகளில் நான்கைந்து இடங்களை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவுக்கு முன்பு பதினைந்து இருபது நிமிடம் தனியாகப் பேசி, பெயர்களின் உச்சரிப்பையும் தேதி வரிசையையும் சரிபாருங்கள். முக்கியமான கேள்வியை அப்போது கேட்டுவிடாதீர்கள். ஒருமுறை சொன்ன பதில் இரண்டாம் முறை ஆறிப்போய் வரும். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வழக்கு போதும். தொடக்கம் ஒரு நாள், ஓர் இடம், ஒரு வரைபடம். பின்னணியை நடுவில் கேட்டுக்கொள்ளலாம்.

ஒலிப்பதிவிலும் கவனம் வேண்டும். இருவர் குரலும் தனித்தனித் தடத்தில், அவரவர் கணினியிலேயே பதிவாக வேண்டும். விருந்தினர் ஹெட்ஃபோன் போடாவிட்டால் நம் குரல் அவருடைய மைக்கில் ஏறிவிடும், பிறகு பிரிப்பது பெரும்பாடு. ஒன்றரை மணி நேரம் பேசி ஒரு மணி நேரமாக வெட்டுவது வழக்கம். ஆனால் எதை வெட்டக் கூடாது தெரியுமா? "இருக்கலாம்", "அதற்குச் சான்று இல்லை", "நான் ஊகிக்கிறேன்" என்று ஆய்வாளர் தயங்கும் இடங்களை. வேகத்துக்காக அவற்றை நீக்கினால், ஊகம் உண்மையாகக் காதில் விழும். உரையாடலும் கதையாகிவிடும், எதிரணியின் பக்கம் போய்விடும்.

மூன்றாவது வாதம், நூல் விற்பனை. நூல் எழுதியவருக்குத் தன் முடிவின் மேல் பற்று இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டு உழைத்து ஒருவரைக் கொலையாளி என்று தீர்மானித்தவர், எதிர்ச் சான்றைச் சிறிதாக்கிக் காட்டக்கூடும். ஆனால் அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், கேட்கலாமே! "உங்கள் முடிவுக்கு எதிரான மிக வலுவான சான்று எது?" என்று கேளுங்கள். "நூலில் கொலையாளி இப்படிப் பேசுவதாக மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அந்தப் பேச்சு எந்தத் தாளில் இருக்கிறது?" என்று கேளுங்கள். "பத்துப் பத்திரிகைகள் இப்படி எழுதின" என்றால், பத்தும் ஒரே தந்திச் செய்தியை நகலெடுத்தவையா என்று கேளுங்கள். ஒரே தந்தி என்றால் சான்று ஒன்றுதான். நல்ல ஆய்வாளர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்வார். தடுமாறுகிறவரின் தடுமாற்றமும் கேட்பவருக்குக் கேட்கும். தனியாகப் பேசும் கதைசொல்லியைக் குறுக்கு விசாரணை செய்ய அங்கே யாரும் இல்லை.

நமக்கு நன்றாகத் தெரிந்ததாக நாம் நம்பும் வழக்கிலும் இது பொருந்தும். 1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு இறந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டார்கள். "லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் விடுதலை செய்தது" என்று கதை சொல்வார்கள். பிரிவி கவுன்சில் விடுவிக்கவில்லை. மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்கும்படி உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. விடுதலை 1947இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் கிடைத்தது. ஒரு சட்ட வரலாற்றாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினால் முதல் ஐந்து நிமிடத்தில் இது சரியாகிவிடும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இறந்தவர்கள். 1888இல் லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில் நடந்த கொலைகளில் ஐந்து பெண்களையும் பாலியல் தொழிலாளிகள் என்றே நூறாண்டுக்கு மேல் சொல்லிவந்தார்கள். கொலையாளிக்கு மட்டும் 'ஜாக் தி ரிப்பர்' என்ற பட்டப்பெயர் நிலைத்தது. அந்தப் பெயரைத் தந்த கடிதத்தையே ஒரு பத்திரிகையாளர் எழுதியிருப்பார் என்று அன்றைய காவல் அதிகாரிகள் சந்தேகித்தார்கள். 2019இல் வரலாற்றாளர் ஹாலி ரூபன்ஹோல்ட், அந்தப் பெண்களின் திருமணம், வேலை, வறியோர் இல்லப் பதிவுகளைத் தேடிச் சேர்த்து, ஐவரில் மூவர் அந்தத் தொழில் செய்ததற்குச் சான்றே இல்லை என்று வாதிட்டார். அவரை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த மறுப்பையும் அவர் முன்னாலேயே வைத்துப் பேசலாம். கொலைக்கு முந்தைய நாற்பது ஆண்டு வாழ்க்கையைப் பற்றிக் கேட்க உரையாடலில் நேரம் உண்டு. கதைக்கு அந்தப் பெண் இறக்கும் இரவு மட்டுமே தேவைப்படுகிறது.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் எச். எச். ஹோம்ஸ் 1896 மே 7 அன்று பிலடெல்ஃபியாவில் தூக்கிலிடப்பட்டார். நீதிமன்றம் அவரைத் தண்டித்தது பெஞ்சமின் பிட்ஸல் என்ற ஒருவரின் கொலைக்காக. அவர் பத்திரிகைக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் 27 பேரைக் கொன்றதாகச் சொன்னார், அதில் சிலர் அப்போது உயிரோடு இருந்தார்கள். இன்று கதைகளில் அந்த எண் 200. எனக்குப் பின் பேசவரும் எதிரணி நண்பர், ஒன்று எப்போது 27 ஆனது, 27 எப்போது 200 ஆனது, ஒவ்வொன்றும் எந்தத் தாளில் முதலில் அச்சானது என்பதை ஆய்வாளர் யாரையும் கேட்காமல், கதைகளை மட்டும் வைத்து இந்த அவைக்குச் சொல்லட்டும். நடுவர் அவர்கள் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு வழங்கட்டும்.

நன்றி, வணக்கம்.